வாத்தியார் பதில்கள்: உயிர் உண்டாகத் தண்ணீர் வற்றவும் வேண்டும்

கேள்வி: வணக்கம் சார். ஆதி பூமியில் சாதாரண ரசாயனங்களிலிருந்தே உயிர் வந்தது என்று மகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். “மீத்தேன், அமோனியாவிலிருந்து எப்படிம்மா புழு பூச்சி வரும்?” என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
- வாசகி, கோத்தகிரி

பதில்: புழு பூச்சி வந்ததெல்லாம் வெகு பின்னால் அம்மா. முதலில் தேவைப்பட்டது, தன்னைத்தானே படியெடுக்கத் தெரிந்த ஒரு மூலக்கூறும் அதைச் சுற்றி ஒரு மெல்லிய தோலும்தான்.

அதற்கான மூலப்பொருள் சுலபமாகவே கிடைக்கும். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்லர் என்ற மாணவர், பேராசிரியர் ஹெரால்டு யூரியின் துணையோடு மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன், நீராவி நான்கையும் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, மின்னலுக்குப் பதிலாக மின்பொறி பாய்ச்சினார். மறுநாளே தண்ணீர் இளஞ்சிவப்பானது. ஒரு வாரத்தில் கலங்கிச் சிவந்துவிட்டது. அதில் கிளைசின், அலனின் என்ற அமினோ அமிலங்கள் இருந்தன. நம் உடம்பின் புரதமெல்லாம் அமினோ அமிலங்கள் கோத்த சரம்தான்.

மில்லர் அவற்றை அடையாளம் கண்ட முறையை நானும் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். வடிதாளில் ஒரு சொட்டு வைத்து, கரைப்பானை மேலே ஏறவிட்டு, உலர்த்தி, அமினோ அமிலத்தை ஊதாவாகக் காட்டிக்கொடுக்கும் நின்ஹைட்ரின் தெளித்துச் சூடு காட்ட வேண்டும். நம் ஊர் ஜூலை மாத ஈரத்தில் தாள் எங்கே காய்கிறது? இஸ்திரிப் பெட்டியை மேலாகப் பிடித்துத்தான் காய வைப்போம். வெறும் தாளில் ஊதாப் புள்ளி மெல்லத் துலங்கி வரும்போது, கடைசி பெஞ்சுப் பையன்கூட எழுந்து வந்து எட்டிப் பார்ப்பான்.

ஆதி பூமியின் காற்றில் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனுமே மிகுதி, மில்லர் நினைத்த கலவை அல்ல என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள். அந்தக் காற்றில் அமினோ அமிலம் குறைவாகத்தான் உண்டாகும். ஆனால் வானத்திலிருந்தும் வரவு உண்டு. 1969-ல் ஆஸ்திரேலியாவின் முர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதைக் கண்ட குழுவை நடத்தியவர் சிரில் பொன்னம்பெருமா. இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, அப்புறம் வேதியியலுக்குப் போனவர். அவர் பெயரையும் மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

சரி, சரம் கோப்பது எப்படி? அங்கேதான் கஷ்டம். இரண்டு அமினோ அமிலங்கள் சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று வெளியேற வேண்டும். சுற்றிலும் தண்ணீராகவே இருந்தால் அது லேசில் கழலாது. போதாததற்கு, எல்லாம் கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடும்.

அதனால் எனக்கு எரிமலை ஓரத்து வெந்நீர்க் குட்டைகள் மேல்தான் நம்பிக்கை. மழை விட்ட பிறகு பாறைக்குழி ஒன்றைப் போய்ப் பாருங்கள். நாலு வெயிலில் தண்ணீர் சுருங்கி, விளிம்பில் பழுப்பு வளையம் படிந்திருக்கும். கரைந்திருந்ததெல்லாம் அங்கே நெருங்கி ஒட்டிக்கொள்கிறது. முதலில் சொன்னேனே, தன்னைப் படியெடுக்கும் மூலக்கூறு, அது ஆர்.என்.ஏ.வாக இருந்திருக்கலாம் என்பது பலரின் எண்ணம். டி.என்.ஏ.வைப் போலவே அதுவும் மரபுத் தகவலைச் சுமக்கும் ஒரு சரம். ஆர்.என்.ஏ.வின் தனித்தனிக் கண்ணிகளைக் கொழுப்புப் பொருளோடு கலந்து, சூட்டில் காய வைத்து, நனைத்து, மறுபடி காய வைத்தால் ஆர்.என்.ஏ. போன்ற சரங்கள் உண்டாவதை சுதா ராஜமணி, டேவிட் டீமர் குழு 2008-ல் காட்டியது. அந்தக் கொழுப்பே ஈரம் பட்டதும் குமிழாகச் சுருண்டு சரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். தோல் கிடைத்துவிட்டது பாருங்கள்! ஆர்.என்.ஏ. தகவலைச் சுமப்பதோடு ரசாயன வினையையும் நடத்தும். வினை நடத்தும் அந்தத் திறனைக் கண்டுபிடித்த தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவருக்கும் 1989-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கடலடி வெந்நீர் ஊற்றுகளில்தான் உயிர் தொடங்கியது என்போரும் பலமாகவே இருக்கிறார்கள். ஆற்றலுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் காய்வதற்கு வழி?

இதெல்லாம் துண்டு துண்டாக நடத்திக் காட்டியவை. வெறும் ரசாயனத்திலிருந்து முழு உயிரை இதுவரை யாரும் ஆய்வகத்தில் உண்டாக்கவில்லை. அதையும் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மிச்ச வேலை அவளைப் போன்றவர்களுக்குத்தான் காத்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால் இன்றைக்கு ஏன் குட்டைகளில் புதிதாக உயிர் தோன்றவில்லை?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: இதை டார்வினே 1871-ல் ஒரு கடிதத்தில் யோசித்திருக்கிறார். இன்று அப்படி ஏதாவது உருவானால், ஏற்கெனவே இருக்கும் உயிர்கள் உடனே தின்று தீர்த்துவிடும் என்றார். காற்றில் இப்போது ஆக்சிஜனும் இருக்கிறது. மென்மையான அந்தச் சேர்மங்களை அது கெடுத்துவிடும்.

கேள்வி: நீலகிரிப் பாறைகள் மிகப் பழையவையாமே. ஆதி உயிரின் தடயம் இங்கே கிடைக்குமா?
- வாசகர், குன்னூர்

பதில்: கிடைக்காது. நம் சார்னோக்கைட் பாறை உருவாகிச் சுமார் 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதுவும் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் வெந்த பாறை. அதில் எந்தத் தடயமும் தங்காது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் நுண்ணுயிர்ப் படிவங்கள் சுமார் 348 கோடி ஆண்டுப் பழமையானவை. நம் பாறை பிறந்தபோதே உயிருக்கு வயது நூறு கோடி ஆகியிருந்தது.