விரல் மரத்துப்போனால் பூ ஏன் நழுவுகிறது?

கேள்வி: தோவாளையில் பிச்சிப்பூ கட்டுகிறார் என் அம்மா. டிவி பார்த்தபடியே சரம் சரமாகக் கட்டிப்போடுவார். இப்போது வலது கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்திருக்கின்றன. சுண்டுவிரல் நன்றாக இருக்கிறது. தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறார், ஆனால் பூ கையில் நிற்பதில்லை. குனிந்து பார்த்துப் பார்த்து மெதுவாகத்தான் கட்ட முடிகிறது. பலம் இருந்தும் ஏன் இப்படி?
- வாசகி, தோவாளை

பதில்: பலத்தில் குறை இல்லை மக்களே. விரலிலிருந்து மூளைக்குப் போகும் சேதிதான் குறைந்திருக்கிறது. பிச்சிக் காம்பை அழுத்தினால் நசுங்கும், இளக்கினால் வாழைநாரிலிருந்து நழுவும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்தப் பிடியை, தோல் தரும் தகவலை வைத்துத்தான் மூளை கணிக்கிறது.

ஒரு கையின் உள்ளங்கை, விரல்களின் உட்புறத் தோலில் சுமார் 17,000 தொடு நரம்பிழைகள் உண்டு என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் யோஹான்சனும் வால்போவும் 1979-ல் கணக்கிட்டார்கள். விரல் நுனியில்தான் நெருக்கம் அதிகம். சில இழைகள் அழுத்தம் இருக்கும்வரை சேதி அனுப்பும். சில, தொடும்போதும் வழுக்கும்போதும் மட்டும் துடிக்கும். பிறகு யோஹான்சனும் வெஸ்ட்லிங்கும் பிடியை அளந்து பார்த்தார்கள். பொருள் லேசாக வழுக்கினாலே, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பிடி தானாக இறுகிவிடுகிறது. நாம் யோசித்து முடிவெடுக்க அதைவிட அதிக நேரமாகும். விரல் நுனியை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தபோது இந்தத் திருத்தம் குலைந்தது.

அம்மாவின் நிலையும் இதுதான். எவ்வளவு அழுத்த வேண்டும் என்ற பழக்கம் மூளையில் பத்திரமாக இருக்கிறது. கை சரியாகவே தொடங்கும். ஆனால் 'பூ பிடிபட்டது', 'வழுக்குகிறது' என்ற பதில் வந்து சேர்வதில்லை. கண் உதவும்தான், ஆனால் அது தாமதம். போதாக்குறைக்கு, விரலுக்கும் காம்புக்கும் நடுவே நடப்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கைப்பழக்கம் வீணாகிவிடக் கூடாது என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன்.

மரத்த மூன்று விரல்களுக்கும் ஒரே நரம்பு, சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. சுண்டுவிரல் தப்பித்திருப்பதால், அந்த முதல் நரம்பு மணிக்கட்டில் நெரிபடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரவில் கை மரத்து எழுந்து, உதறினால் சரியாகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, சர்க்கரை, தைராய்டு, நரம்புக் கடத்தல் பரிசோதனைகள் செய்யுங்கள். ஆரம்பநிலை என்றால், இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையே பலருக்குப் பலன் தரும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டால் பெருவிரல் அடிச்சதை மெலியத் தொடங்கும். அப்புறம் பலமும் போகும். விரலில் உணர்ச்சி திரும்பும்வரை அடுப்படியில் சூடான பாத்திரத்தை அந்தக் கையால் தொட விடாதீர்கள்.