கணினிக் கேள்வி-பதில்: படம் பிறந்த கதைக்கு ஒரு கையேடு

கேள்வி: வணக்கம் அம்மா. எங்கள் கோவில் இளைஞர் குழு தைப்பூசக் காவடி அழைப்பிதழுக்கும் பேனருக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற செயற்கை நுண்ணறிவில் படம் செய்கிறது. அதை இயக்கும் மென்பொருளாகச் சிலர் ஆட்டோமேட்டிக்1111 வைத்திருக்கிறார்கள், சிலர் கம்ஃபியூஐ. படங்கள் மலையாகக் குவிந்துவிட்டன. எந்தப் படம் எந்த ப்ராம்ப்டில் (படம் கேட்டு எழுதும் வாசகத்தில்) வந்தது என்று தேடிப் பார்க்க பைதானில் ஒரு மென்பொருள் எழுதினேன். வேலைக்காக ரியூனியன் தீவுக்குப் போகிறேன், அதனால் பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு கையேடு வேண்டும். ஒவ்வொரு பட்டனையும் விளக்கி எழுதிக் கொடுத்தேன். யாரும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. எப்படி எழுதுவது?
– வாசகர், கத்ர் போர்ன், மொரிஷியஸ்

பதில்: தம்பி, பட்டன்களை ஒரு பக்கம் வையுங்கள். எபேனில் மென்பொருள் கையேடு எழுதுவதுதான் என் பிழைப்பு. கையேட்டைத் திறக்கிறவர் ஏதோ ஒரு அவசரத்தில்தான் திறக்கிறார். "போன வருஷம் அச்சடித்த மயில் படம் எங்கே?" "அதே படம் வேண்டும், மயில் மட்டும் இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும்." "டிஸ்க் நிறைந்துவிட்டது, எதை அழிக்கலாம்?" உங்கள் குழுவில் கேட்பது இவைதானே? இவற்றையே தலைப்பாகப் போடுங்கள். எந்த பட்டனை அழுத்துவது என்பது அந்தந்தத் தலைப்புக்குக் கீழே தானாக வந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: ஒரு படத்தின் வரலாறு, அதாவது அது எப்படி உருவானது என்ற விவரம், எங்கே இருக்கிறது? இதைப் புரிந்துகொண்டவருக்கு மீதி எல்லாம் சுலபம். ஆட்டோமேட்டிக்1111 சேமிக்கும் பிஎன்ஜி கோப்புக்குள்ளேயே ப்ராம்ப்ட், நெகட்டிவ் ப்ராம்ப்ட் (படத்தில் எது வரக்கூடாது என்பது), ஸ்டெப்ஸ், சாம்ப்ளர், சிஎஃப்ஜி ஆகிய அமைப்புகள், சீட் எண் (படம் எங்கிருந்து தொடங்கியது என்பதைக் குறிக்கும் எண்), படத்தை உருவாக்கிய மாடல் கோப்பின் அடையாளக் குறி எல்லாம் எழுத்தாகப் பதிந்திருக்கும். ஜேபெக் என்றால் எக்சிஃப் என்ற விவரப் பகுதியில் இருக்கும். கம்ஃபியூஐ இன்னும் ஒரு படி மேல். படம் உருவான படிகளின் முழு வரைபடத்தையும் கோப்புக்குள் வைக்கிறது, அந்தப் படத்தை இழுத்து அதன் திரையில் போட்டால் வரைபடம் அப்படியே திரும்ப வரும். உங்கள் மென்பொருள் இவற்றைப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். வேகத்துக்காகத் தனியாக ஒரு தரவுத்தளம் வைத்திருந்தால், அதை அழித்தாலும் படங்களிலிருந்து மறுபடி கட்டிக்கொள்ள முடியுமா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். 'நீக்கு' என்பது பட்டியலில் இருந்து மட்டும் எடுக்கிறதா, கோப்பையே அழிக்கிறதா? இந்த ஒரு வரி இல்லாததால் மக்கள் அந்த பட்டனைத் தொடவே பயப்படுகிறார்கள். அல்லது பயப்படாமல் தொட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் வாட்ஸாப். நம் கோவில் வேலை முழுக்க அதில்தான் ஓடுகிறது. படத்தைப் படமாக அனுப்பினால் வாட்ஸாப் அதைச் சுருக்கி மறுபடி எழுதும், உள்ளே இருந்த எழுத்தெல்லாம் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பினால் தங்கும். ஸ்க்ரீன்ஷாட்டில் எதுவும் வராது. "இந்தப் படத்துக்கு ஏன் வரலாறு காட்டவில்லை?" என்று கேட்டு வரப்போகும் அழைப்புகளில் பெரும்பகுதிக்கு இதுதான் பதில். முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.

அதே படத்தைத் திரும்ப எடுப்பதைப் பற்றி எழுதும்போது நேர்மையாக இருங்கள். சீட் எண் இருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 2022இல் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 மாடலில் செய்த படம், 2023இல் வந்த எஸ்டிஎக்ஸ்எல் என்ற இன்னொரு மாடலில் அதே சீட் எண்ணைப் போட்டாலும் வராது. மாடல் கோப்பையும் பத்திரமாக வைக்க வேண்டும். எல்லாம் ஒன்றாக இருந்தும், கிராஃபிக்ஸ் கார்டோ மென்பொருள் பதிப்போ மாறினால் சின்னச் சின்ன வித்தியாசம் வரலாம். இன்னொன்று: ஆட்டோமேட்டிக்1111இல் விரல்களைச் சரிசெய்ய இன்பெயின்ட் செய்தால் (அந்தப் பகுதியை மட்டும் மறுபடி வரையவைத்தால்), கடைசிக் கட்டத்தின் விவரம்தான் பதிவாகும். எந்தப் படத்தின் மேல் வேலை செய்தோம் என்பது அதில் இருக்காது. மூலப் படத்தைத் தனியே வைக்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தைப் பிறகு ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் சேர்த்திருந்தால், அதுவும் இந்த வரலாற்றில் வராது.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதைச் சொல்கிறேன். என்ன கேட்டோம் என்பது கோப்பில் இருக்கிறது. ஏன் இந்தப் படத்தை எடுத்தோம், ஏன் அதை ஒதுக்கினோம் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. முருகன் கையில் வேலுக்குப் பதில் சூலம் வந்ததைப் பார்த்து ஒரு பெரியவர் வேண்டாம் என்றிருப்பார். அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகள் அதே படத்தைத் தேடி எடுத்து அச்சுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறிப்புப் பெட்டி வையுங்கள், ஊருக்குக் கிளம்பும் முன் அதைச் செய்துவிடுங்கள். கையேட்டில் நல்ல குறிப்புக்கு இரண்டு, மூன்று மாதிரிகள் கொடுங்கள். "நன்றாக இல்லை" என்பது குறிப்பாகாது. "வேல் தவறு, காவடியில் பால் செம்பு இல்லை" என்பது குறிப்பு.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கையேட்டைத் தமிழில் மட்டும் எழுதாதீர்கள். தமிழ் இதழில் இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான். மொரிஷியஸில் காவடி எடுக்கிற பிள்ளைகளில் பலர் தமிழ் எழுத்தைத் தட்டுத் தடுமாறித்தான் படிக்கிறார்கள். பிரெஞ்சிலோ கிரியோலிலோ எழுதுங்கள், பக்கத்திலேயே தமிழும் இருக்கட்டும். திரையில் உள்ள பெயர்களை மட்டும் எந்த மொழியிலும் மாற்றாமல் உள்ளபடியே கொடுங்கள். எழுதி முடித்ததும், கணினியில் அதிகம் பழகாத ஒருவரிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள். அவர் தடுமாறும் இடம்தான் நீங்கள் திருத்த வேண்டிய வரி.

கேள்வி: என் மகள் போன மாதம் ஆட்டோமேட்டிக்1111இல் செய்த ஒரு பிஎன்ஜி படம் இருக்கிறது. ப்ராம்ப்ட் மறந்துபோய்விட்டது. தனி மென்பொருள் இல்லாமல் பார்க்க முடியுமா?
– வாசகி, போர்ட் லூயி

பதில்: முடியும். ஆட்டோமேட்டிக்1111இலேயே 'பிஎன்ஜி இன்ஃபோ' என்று ஒரு தாவல் உண்டு. அதில் படத்தைப் போட்டால் எல்லாம் தெரியும். அது கைவசம் இல்லையென்றால் படத்தின் நகல் ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். குப்பை எழுத்துகளுக்கு நடுவே, ஆரம்பத்திலேயே ப்ராம்ப்ட் வாசிக்கும்படி இருக்கும். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடிவிடுங்கள், சேமித்தால் அந்த நகல் கெட்டுவிடும். மகளின் படத்தை வலைத்தளத்தில் போடுவதாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். ப்ராம்ப்டில் பெயரோ பள்ளியோ எழுதியிருந்தால், அதுவும் படத்தோடு சேர்ந்தே போகும்.