பையின் வார்

அன்புள்ள ஐயா,

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியிடுவதாக இருந்தால் பெயர் வேண்டாம்.

நானும் என் பதினோரு வயது மகனும் ஒரு நாள் மலைப்பாதையில் நடக்கப் போயிருந்தோம். வழியில் ஓர் ஓடை. காலையில் கடக்கும்போது கணுக்கால் அளவுதான் தண்ணீர். அடியில் கிடந்த கூழாங்கல்லெல்லாம் தெரிந்தது. மதியத்துக்கு மேல் தொலைவில் மலையுச்சிப் பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது. நாங்கள் இருந்த இடத்தில் ஒரு தூறல்கூட இல்லை. திரும்பி வந்தபோது ஓடை முழங்காலுக்கு ஏறியிருந்தது, நிறமும் மாறியிருந்தது. ‘காலையில் இதே இடத்தில்தானே கடந்தோம்’ என்று இறங்கிவிட்டேன். மகன் எனக்குப் பின்னால் வந்தான். பாதி தூரத்தில் அவன் கால் வழுக்கியது. நான் திரும்பியபோது அவன் தலை தண்ணீருக்குள் போய்விட்டது. கையை வீசினேன். முதுகுப்பையின் வார் ஒன்று கையில் சிக்கியது. அதைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தேன். எல்லாம் சேர்த்துப் பத்து விநாடிகூட இருக்காது. ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் அது மிக மெதுவாக நடக்கிறது. அவன் சட்டைக் காலர் தண்ணீருக்குள் மடங்கியதுகூடத் தெரிகிறது.

மனைவியிடம் ‘ஓடையில் விழுந்து நனைந்துவிட்டான்’ என்று மட்டும் சொன்னேன். மகனோ அதை ஒரு சாகசக் கதையாக எல்லோரிடமும் சொல்கிறான். ‘பையை நல்லா இறுக்கி மாட்டியிருந்தேன், அதனாலதான் அப்பாவால பிடிக்க முடிஞ்சது’ என்கிறான். அவளும் சிரித்துக்கொண்டே கேட்கிறாள். எனக்கு அந்த இடத்தில் உட்கார முடிவதில்லை, எழுந்து போய்விடுகிறேன். என் அண்ணனிடம் மட்டும் முழுதாகச் சொன்னேன். ‘அதான் ஒன்றும் ஆகவில்லையே, விடு’ என்றார். இரவில் திடீரென்று விழித்துக்கொள்கிறேன். ஒன்றும் ஆகாத ஒரு விஷயத்துக்கு இவ்வளவு பயப்படுவது கோழைத்தனமா? இதை மறந்துவிட வேண்டுமா, மனைவியிடம் சொல்ல வேண்டுமா? இனிமேல் அவனை வெளியே கூட்டிப் போகாமல் இருப்பதுதான் சரியா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் மகன் பத்திரமாக இருக்கிறான் என்பதில் எனக்கும் பெரிய நிம்மதி.

இது கோழைத்தனம் இல்லை. உங்கள் அண்ணன் ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு குழந்தையின் தலை வேகமாக ஓடும் தண்ணீருக்குள் போய்விட்டது. அது நடந்த விஷயம். அதன் முடிவு நல்லபடியாக இருந்தது என்பது வேறு விஷயம். உங்கள் உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது, அதனால்தான் ராத்திரியில் எழுப்புகிறது.

அந்தக் காட்சி மெதுவாக ஓடுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இதை அனுபவித்தவர்கள் ஏராளம். ஆல்பர்ட் ஹெய்ம் என்ற சுவிட்சர்லாந்து நிலவியலாளர் 1871இல் ஆல்ப்ஸ் மலையில் ஏறும்போது தவறி விழுந்து பிழைத்தார். விழுந்துகொண்டிருந்த அந்தச் சில நொடிகளில் தனக்குள் எத்தனை எண்ணங்கள் ஓடின என்ற வியப்பு அவரை விடவில்லை. தன்னைப் போலவே விழுந்து தப்பியவர்களின் அனுபவங்களைப் பல ஆண்டுகள் சேகரித்து 1892இல் வெளியிட்டார். அவர்களில் பலரும் நேரம் நீண்டதாகச் சொன்னார்கள். நிஜமாகவே அந்த நேரத்தில் நம் கண்ணும் மூளையும் கூடுதல் வேகத்தில் வேலை செய்கின்றனவா? டேவிட் ஈகிள்மேன் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களை மல்லாக்க விழவைத்துக் கீழே வலையில் பிடித்தார்கள். விழுகிறவரின் மணிக்கட்டில் ஒரு கருவி. அதில் எண்கள், சாதாரண நிலையில் படிக்க முடியாத வேகத்தில் மாறிக்கொண்டே இருக்கும். காலம் உண்மையில் மெதுவானால் அந்த எண்கள் படிக்கக் கிடைக்க வேண்டும். யாராலும் படிக்க முடியவில்லை. ஆனால் விழுந்து முடித்ததும் கேட்டபோது, மற்றவர்கள் விழுந்த நேரத்தைவிடத் தாங்கள் விழுந்த நேரம் சராசரியாக 36 சதவீதம் அதிகம் என்றார்கள். 2007இல் வந்த ஆய்வு இது. பயத்தின்போது நினைவு மிக அடர்த்தியாகப் பதிகிறது, அதனால் பின்னால் திரும்பிப் பார்க்கையில் அது நீளமாகத் தெரிகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். காலர் மடங்கியதுவரை உங்களுக்கு நினைவிருப்பதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

அந்தப் பதிவு உங்களைத் துன்புறுத்துகிறது, தெரிகிறது. ஆனால் அதை அழித்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். அதில் நீங்கள் இன்னும் பார்க்காத ஒரு பகுதி இருக்கிறது. வழுக்கிய நொடியிலிருந்துதான் உங்கள் மனம் அந்தக் காட்சியை ஓட்டிப் பார்க்கிறது. அதற்கு முந்தைய அரை மணி நேரம் உங்கள் கடிதத்தில் இரண்டே வரியில் போய்விட்டது. தூரத்தில் மேகம், முழங்காலுக்கு ஏறிய தண்ணீர், மாறிய நிறம், ‘காலையில் கடந்தோமே’ என்ற எண்ணம். சம்பவம் நடந்தது அங்கேதான்.

இதை எழுதும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னால், விடியற்காலை நேரம், நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். மனைவியும் இரண்டு குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் தூங்கிவிட்டேன். சாலையோரச் சரளைக்கல்லில் சக்கரம் ஏறிய சத்தத்தில்தான் விழித்தேன். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 22 மீட்டர். நான்கு நொடி கண் மூடியிருந்தால் கிட்டத்தட்ட 90 மீட்டர் தூரத்துக்கு அந்த வண்டியை யாருமே ஓட்டவில்லை. வண்டியைத் திருப்பி நேராக்கினேன். ஜன்னலைத் திறந்தேன், பாட்டைச் சத்தமாக வைத்தேன். வீடு போய்ச் சேர்ந்தோம். யாரும் எழவில்லை, யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

சொல்லாததால் என்ன ஆயிற்று என்றால், அந்தச் சம்பவத்திலிருந்து நான் தப்பான பாடத்தைக் கற்றுக்கொண்டேன். ‘தூக்கம் வந்தால் ஜன்னலைத் திற, பாட்டை வை’ என்பதுதான் அது. அது எனக்கு வேலை செய்ததே! அடுத்த சில ஆண்டுகள் அதை நம்பியே இரவுகளில் வண்டி ஓட்டினேன். உண்மையில் காற்றும் பாட்டும் தூக்கத்தைத் தடுப்பதில்லை, கொஞ்சநேரம் விழித்திருப்பது போன்ற எண்ணத்தை மட்டும் தருகின்றன. தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டும்தான். வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு ஓர் இருபது நிமிடம் கண்ணை மூடுவது, அல்லது வேறொருவரிடம் வண்டியைக் கொடுப்பது. அன்று எங்களைக் காப்பாற்றியது சரளைக்கல். அது அந்த இடத்தில் இருந்தது வெறும் தற்செயல்.

உங்கள் மகன் சொல்லும் கதைக்கு இப்போது வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் பயமுறுத்தியது அந்த ஒரு வரி. ‘பையை இறுக்கி மாட்டியிருந்ததால் தப்பித்தேன்.’ அவன் பொய் சொல்லவில்லை, நடந்தது அதுதான். ஆனால் ஓடும் தண்ணீரில் இறங்குவதற்கு முன் மலையேறுபவர்கள் செய்வது அதற்கு நேர் எதிர். இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிட்டு, தோள் வாரைத் தளர்த்திக்கொள்வார்கள். விழுந்தால் பை நம்மைத் தண்ணீருக்குள் அழுத்தலாம், ஏதாவது கிளையில் மாட்டிக்கொள்ளலாம். சட்டென்று அதைவிட்டு வெளியே வர முடிய வேண்டும். அன்று அவனைக் காப்பாற்றிய அதே வார், இன்னொரு நாள் இன்னோர் ஓடையில் அவனைக் கீழே பிடித்துவைக்கக்கூடும். பதினோரு வயதில் அவன் மனதில் ஒரு விதி உருவாகிக்கொண்டிருக்கிறது. அவனைத் திருத்தக்கூடிய ஒரே ஆள் நீங்கள், நீங்களோ எழுந்து போய்விடுகிறீர்கள்.

மயிரிழையில் தப்பியதை மனிதர்கள் வெற்றிக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ராபின் டில்லன், கேதரின் டின்ஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒரு விண்கலத் திட்டத்தின் கதையை மூன்று வித முடிவுகளோடு ஆட்களிடம் கொடுத்தார்கள். ஒன்றில் திட்டம் வெற்றி, ஒன்றில் தோல்வி, மற்றொன்றில் அதிர்ஷ்டத்தால் மட்டும் தப்புகிறது. மேலாளர் எடுத்த முடிவுகள் மூன்றிலும் ஒன்றே. அதிர்ஷ்டத்தால் தப்பியவரை ஏறக்குறைய வெற்றி பெற்றவருக்கு இணையாகவே மதிப்பிட்டார்கள். தோற்றவரை மட்டும்தான் குறை சொன்னார்கள்.

விமானத் துறையில் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம் வாஷிங்டனுக்கு அருகிலுள்ள டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்துகொண்டிருந்தது. தரையிலிருந்து வந்த அனுமதியை விமானிகள் ஒரு விதமாகப் புரிந்துகொண்டு, இறங்கக் கூடாத இடத்தில் தாழ இறங்கினார்கள். விமானம் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். விசாரணையில் ஒரு விஷயம் தெரியவந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே அனுமதியை அதே மாதிரி புரிந்துகொண்டு, அந்த மலையில் மோதாமல் தப்பியிருக்கிறது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களின் விமானிகளுக்கு அது போய்ச் சேரவில்லை. அப்புறம்தான், 1976இல், தப்பிய சம்பவங்களை விமானிகள் பயமில்லாமல் எழுதி அனுப்ப ஓர் ஏற்பாடு வந்தது. தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறையிடம் போகாமல் நாசாவிடம் போகும். எழுதுகிறவரின் அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் பதிவு செய்வார்கள். இதுவரை வந்த அறிக்கைகள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன.

அந்த ஆறு வாரத்தை நான் அடிக்கடி நினைப்பேன். உங்களுக்கு இப்போது மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

ஆகவே மனைவியிடம் சொல்லுங்கள். பாவமன்னிப்பு கேட்கும் தொனியில் வேண்டாம். நடந்ததை வரிசையாக, மேகத்திலிருந்து ஆரம்பித்து. அடுத்த முறை மகனை அனுப்பலாமா என்று முடிவு செய்யும் இரண்டு பேரில் அவர் ஒருவர், அந்த முடிவை எடுக்க அவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். கோபம் வரும், வரட்டும். நான் என் மனைவியிடம் சொல்ல ஆறு ஆண்டுகள் ஆயின. முழுவதும் கேட்டுவிட்டு அவள் சொன்னது, “என்னை எழுப்பியிருக்கலாமே.” எனக்கு அது தோன்றவே இல்லை. அவளுக்கு நன்றாக வண்டி ஓட்டத் தெரியும், பக்கத்து இருக்கையில்தான் இருந்தாள். பிறகு நீண்ட பயணங்களில் யார் எந்த நேரத்தில் ஓட்டுவது என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுகிறோம்.

மகனிடம் வேறு மாதிரி பேச வேண்டும். உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். பயங்கரமான ஒன்றைச் சந்தித்தவர்களை உடனே கட்டாயப்படுத்திப் பேசவைப்பதால் நன்மை இல்லை என்று உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. அவனோ தானாகவே கதை சொல்கிறான், அது உங்களுக்குச் சாதகம். அடுத்த முறை சொல்லும்போது எழுந்து போகாமல் பக்கத்தில் இருங்கள். நடுவில் கேளுங்கள்: ‘நாம இறங்கறதுக்கு முன்னாடி தண்ணி என்ன கலர்ல இருந்தது?’ அவனுக்கு நினைவிருக்கும். தெளிந்த தண்ணீர் கலங்குவதும், இலையும் சுள்ளியும் மிதந்து வருவதும், ஓடையின் இரைச்சல் மாறுவதும் மேலே மழை பெய்கிறது என்பதற்கான அறிகுறிகள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும்கூட. வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய ஆளின் காலை வாரிவிடும், முழங்கால் அளவு என்பது சிறுவனுக்கு மிக அதிகம். இப்படிப்பட்ட சின்ன ஓடைகள் ஏறுகிற வேகத்தில் பெரும்பாலும் வடியவும் செய்யும். கரையில் சில மணி நேரம் காத்திருந்தால் போதும், இருட்டினாலும் பரவாயில்லை. ஒருவேளை அடித்துக்கொண்டு போனால், எழுந்து நிற்க முயலக் கூடாது. கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் அப்படியே ஆளைக் கவிழ்த்துவிடும். மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் தூக்கி வைத்துக்கொண்டு, கைகளால் துழாவிக் கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். பை வாரைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுங்கள். ‘அன்றைக்கு அது நம்மைக் காப்பாத்திச்சு, அடுத்த தடவை இறங்கறதுக்கு முன்னாடி கழட்டிடணும்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அவனுக்குப் புரியும். பதினோரு வயதுக்காரர்கள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள். ‘அப்பா அங்கே தப்பு செய்தேன், திரும்பியிருக்க வேண்டும்’ என்று நீங்கள் சொல்வதையும் அவன் தாங்கிக்கொள்வான்.

வெளியே கூட்டிப் போகலாமா என்றால், கூட்டிப் போங்கள். அடுத்த பயணத்தில் ஏதாவது ஓர் இடத்தில், கடக்க முடிந்தாலும்கூடக் கடக்காமல் அவனோடு திரும்பி வந்து பாருங்கள்.

தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. இப்படியொரு சம்பவத்துக்குப் பிறகு முதல் சில வாரங்கள் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது இயல்பு, பெரும்பாலானவர்களுக்குத் தானாகக் குறைந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் இருந்தாலோ, தண்ணீரைப் பார்த்தாலே விலகிப் போகும் அளவுக்கு வந்தாலோ, ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. தள்ளிப்போடாதீர்கள்.

மனைவியிடம் பேசிய பிறகு எனக்கு எழுதுங்கள். அவர் முதலில் என்ன கேட்டார் என்பதைத் தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்.