மாசமா இருக்கிறேன் டாக்டர், பூனையை என்ன செய்வது?

கொஞ்ச நாளாக எனக்கு வரும் கேள்விகளில் பூனை வராத வாரமே இல்லை. பினாங்கில் அது இயல்புதான். காப்பிக் கடை, கோயில் வாசல், அடுக்குமாடிப் படிக்கட்டு என்று எங்கே பார்த்தாலும் ஒரு பூனை படுத்திருக்கும் ஊர் இது. கர்ப்பம் உறுதியான அன்றே பூனையை அனுப்பிவிடு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பெண்கள் அழுதுகொண்டே எனக்கு எழுதுகிறார்கள். நான் மகப்பேறு மருத்துவர். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் பூனை இருந்த வீட்டில்தான் சுமந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு 9 வாரம். வீட்டுக்குள்ளேயே 4 வருடமாக வளர்கிற பூனை இருக்கிறது. "வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, பாசாரில் கொண்டுபோய் விட்டுவிடு" என்று மாமியார் தினமும் சொல்கிறார். கணவரும் தடுமாறுகிறார். என்ன செய்வது டாக்டர்? (ஆயர் ஈத்தாம்)

விட வேண்டாம், தங்கச்சி. மாமியாரின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

டாக்ஸோபிளாஸ்மா என்று ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. கர்ப்ப காலத்தில் முதல்முறையாக அது தாய்க்குத் தொற்றினால், நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். இந்த ஒட்டுண்ணி பல விலங்குகளின் உடம்பில் இருக்கும் என்றாலும், அதன் முட்டைகள் பூனை இனத்தின் மலத்தில் மட்டுமே வெளியே வரும். பூனைக்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான்.

இனி உங்கள் பூனையைப் பாருங்கள். எலி, பறவை, பச்சை இறைச்சி இவற்றைத் தின்றுதான் பூனைக்கு இது பெரும்பாலும் வரும். வீட்டுக்குள்ளேயே இருந்து, கடையில் வாங்கும் தீனியைத் தின்னும் பூனைக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அப்படியே தொற்றினாலும், முதல் தொற்றுக்குப் பிறகு 1 முதல் 3 வாரம் வரைதான் மலத்தில் முட்டை வரும். பெரும்பாலான பூனைகளுக்கு வாழ்நாளில் அது ஒரே ஒரு முறை. வெளியே வந்த முட்டையும் உடனே தொற்றாது. 1 முதல் 5 நாள் ஆன பிறகுதான் அதற்குத் தொற்றும் சக்தி வரும். அதற்குப் பின் அது உங்கள் வாய்க்குள் போக வேண்டும். இத்தனையும் வரிசையாக நடந்தால்தான் ஆபத்து. மடியில் படுத்துக்கொள்வதாலோ தடவிக் கொடுப்பதாலோ இது வருவதில்லை.

ஐரோப்பாவில் 6 நகரங்களின் கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2000-ல் வெளியிட்டார்கள். அந்தத் தொற்றுகளில் 30 முதல் 63 சதவீதம் வரை சரியாக வேகாத அல்லது பதப்படுத்திய இறைச்சியால் வந்தவை. மண்ணால் வந்தவை 6 முதல் 17 சதவீதம். பூனையோடு பழகுவது ஆபத்தாக அதில் தெரியவில்லை.

இன்னொன்றையும் மாமியாரிடம் சொல்லுங்கள். பாசாரில் விட்ட பூனை எலி பிடித்துத்தான் வாழ வேண்டும். வீட்டில் சுத்தமாக இருந்த பூனைக்கு அங்கேதான் தொற்று வரும். சென்ற வருடம் ஒரு பெண் இப்படி விட்டுவிட்டு வந்து என் அறையில் தேம்பித் தேம்பி அழுதார். மூன்று நாள் தேடியும் பூனை கிடைக்கவில்லை. அந்த அழுகைக்கு அவசியமே இருந்திருக்கவில்லை. அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் வாயால் கேட்டால் பல அத்தைமார் சமாதானம் ஆகிவிடுகிறார்கள்.

கணவருக்குத் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட். பூனை மணல் தட்டை நான்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. குளோரோக்ஸ் ஊற்றினால் போதுமா? (பிறை)

போதாது. குளோரின் கலந்த திரவங்கள் இந்த முட்டைகளை நம்பும்படி கொல்வதில்லை. கொதிக்கும் வெந்நீர் கொல்லும். காலியான தட்டில் வெந்நீரை நிரப்பி 5 நிமிடமாவது விட்டு, பிறகு கழுவுங்கள்.

முதலில் கணவரிடமே கேட்டுப் பாருங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் படுப்பதற்கு முன் 2 நிமிட வேலைதான். முக்கியமானது தினமும் எடுப்பது. முட்டைக்குச் சக்தி வர ஒரு நாளாவது வேண்டும் என்று மேலே சொன்னேனே, அன்றன்றே எடுத்துவிட்டால் அந்த அவகாசமே அதற்குக் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை சேர்த்து அள்ளலாம் என்று விடுவதுதான் தவறு. வேறு வழியில்லாமல் நீங்களே செய்தால், ரப்பர் கையுறை போட்டு, தூசி பறக்காமல் மெதுவாக அள்ளி, பையில் இறுகக் கட்டிப் போடுங்கள். கையுறையைக் கழற்றிய பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தட்டு சமையலறையில் இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள்.

பூனை முடி வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு ஆகாது என்கிறார்களே? (நிபோங் திபால்)

விழுங்கிய முடி உணவுக்குழாய் வழியாகப் போய் மலத்தோடு வெளியேறிவிடும். கருப்பைக்கும் அதற்கும் வழியே இல்லை. உங்களுக்கு ஆஸ்துமா இருந்து, முடியால் மூச்சுத் திணறல் கூடினால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தனியார் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். டாக்ஸோ ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் பாசிட்டிவ். இப்போது 11 வாரம். இரண்டு நாளாகத் தூங்கவில்லை. கருவைக் கலைக்கச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. (பாயான் லெப்பாஸ்)

அம்மா, இந்த ஒரு தாளை வைத்து யாரும் அப்படி முடிவு எடுக்கக் கூடாது. எடுக்கவும் மாட்டார்கள்.

ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள். ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் இந்தக் கிருமியை உங்கள் உடம்பு ஏற்கெனவே சந்தித்திருக்கிறது என்று பொருள். நம் நாட்டில் இது சாதாரணம். கோலாலம்பூரில் 200 கர்ப்பிணிகளைச் சோதித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இந்த எதிர்ப்பொருள் இருந்தது. இந்தியப் பெண்களிலும் பாதிக்கு மேல். கர்ப்பத்துக்கு முன்பே வந்து போயிருந்தால், நோய் எதிர்ப்பு சக்தி குறையாத வரை அது பிள்ளைக்குப் பாதுகாப்புதான்.

குழப்புவது ஐஜிஎம். புதிய தொற்றில் அது வரும் என்பது உண்மை. ஆனால் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ரத்தத்தில் தங்கும். சில சமயம் தொற்றே இல்லாமல் பாசிட்டிவ் காட்டவும் செய்யும். அதனால் அடுத்து செய்ய வேண்டியது ஐஜிஜி அவிடிட்டி என்ற சோதனை. எதிர்ப்பொருள் எவ்வளவு முதிர்ந்தது என்று அது சொல்லும். 11 வாரத்தில் அவிடிட்டி உயர்வாக இருந்தால், தொற்று வந்து 4 மாதமாவது ஆகியிருக்கும். அதாவது கரு உண்டாவதற்கு முன். நிம்மதியாகத் தூங்கலாம். குறைவாக வந்தாலும் அது புதிய தொற்று என்று உறுதியாகாது. 2, 3 வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

புதிய தொற்றுதான் என்று தெரிந்தாலும் வழி இருக்கிறது. 18 வாரத்துக்கு முன் ஸ்பைராமைசின் மாத்திரை கொடுப்பார்கள். 18 வாரம் கடந்த பிறகு பனிக்குட நீரை எடுத்துக் குழந்தைக்குப் போயிருக்கிறதா என்று பார்க்கலாம். போயிருந்தால் அதற்கு வேறு மருந்துகள் உண்டு. முதல் 3 மாதத்தில் தொற்று குழந்தைக்குப் போகும் வாய்ப்பு குறைவு, போனால் பாதிப்பு கடுமையாக இருக்கலாம். கடைசி மாதங்களில் போகும் வாய்ப்பு கூடுதல், பாதிப்பு பெரும்பாலும் லேசு. ரிப்போர்ட்டையும் கர்ப்பப் பதிவுக்கான பிங்க் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு மகப்பேறு நிபுணரைப் பாருங்கள்.

அரசு சுகாதாரக் கிளினிக்கில் இந்தச் சோதனையை எல்லாருக்கும் வழக்கமாகச் செய்வதில்லை. அதனால் இதைப் படிக்கும் மற்றவர்கள், "எனக்கு எடுக்கவில்லையே" என்று பதற வேண்டாம்.

எங்கள் வீட்டில் பூனையே இல்லை. அப்படியானால் இந்தக் கவலை எனக்குத் தேவையில்லைதானே? (பட்டர்வொர்த்)

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். பூனை இல்லாத வீட்டில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள்.

நம் ஆட்டுக்கறிப் பிரட்டல் பற்றி எனக்குக் கவலையில்லை. அது வேகிற வேகத்தில் எந்த ஒட்டுண்ணியும் தப்பாது. கவலை குச்சியில் குத்தி வாட்டும் சாத்தே பற்றி. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அவசரமாக வாட்டிக் கொடுக்கும் ஆட்டிறைச்சி சாத்தே வெளியே கருகி, உள்ளே சிவப்பாக இருக்கும். ஒரு துண்டைப் பிய்த்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் திருப்பிக் கொடுத்து இன்னும் வாட்டச் சொல்லுங்கள். பாதி வெந்த ஸ்டேக் இந்த 9 மாதம் வேண்டாம். வீட்டில் கறியின் உப்புக் காரம் பார்க்க வேகாத துண்டை வாயில் போடும் பழக்கத்தையும் விடுங்கள். இறைச்சியை ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் சில நாள் வைத்துச் சமைத்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். மைக்ரோவேவில் சூடு எல்லா இடத்திலும் சமமாக ஏறாது, அதை நம்ப வேண்டாம்.

அப்புறம் உலாம், அதாவது பச்சையாகத் தின்னும் கீரை. வல்லாரை உடம்புக்கு நல்லது என்று பச்சையாகத் தின்கிறோம். தரையோடு படரும் கீரை அது. மண்ணில் பூனை போயிருக்கும். ஈரமான மண்ணில் அந்த முட்டை ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும், நம் ஊர் மண் எப்போதும் ஈரம்தான். ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் வதக்கிச் சாப்பிடுங்கள். கறி நறுக்கிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் வெள்ளரிக்காய் நறுக்கக் கூடாது. கறிவேப்பிலைத் தொட்டியைக் கிளறும்போது கையுறை போடுங்கள்.

படிக்கட்டில் இருக்கும் தெருப்பூனைக்குச் சோறு வைப்பேன். மூக்கில் ஆறாத புண் இருக்கிறது. நேற்று என் கையைப் பிராண்டிவிட்டது. 5 மாதம். (ஜார்ஜ்டவுன்)

முதலில் கையை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். நேற்றே கழுவியிருந்தாலும் இன்று கிளினிக்குப் போங்கள். 2015-ல் பினாங்கில் நாய்களிடம் வெறிநோய் கண்டதை மறந்துவிடக் கூடாது. ஊசி தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். தேவைப்பட்டால் அந்தத் தடுப்பூசியைக் கர்ப்பிணிக்கும் போடலாம், தயங்காதீர்கள்.

அந்த மூக்குப் புண்தான் என்னை யோசிக்க வைக்கிறது. மலேசியாவில் பூனைகளிடம் ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று இருக்கிறது. முகத்திலும் மூக்கிலும் ஆறாத புண் வரும். பிராண்டலாலும் கடியாலும் மனிதருக்குத் தொற்றும். பிராண்டிய இடத்தில் சில வாரங்களில் சிறு கட்டி வந்து புண்ணாகும். பிறகு கையில் மேல்நோக்கி வரிசையாகக் கட்டிகள் தோன்றலாம். வழக்கமாகக் கொடுக்கும் இட்ராகோனசோல் மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் கொடுப்பதில்லை. அதனால்தான் உங்களை இதில் கூடுதல் கவனமாக இருக்கச் சொல்கிறேன். கட்டி ஏதாவது தெரிந்தால், பூனை பிராண்டியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண சீழ்க்கட்டி என்று நினைத்துவிடுவார்கள்.

பூனையையும் கைவிட வேண்டாம். சோறு வைப்பதை வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள். முடிந்தால் யாராவது அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகட்டும். இது பல மாதம் மருந்து கொடுத்தால் ஆறக்கூடிய நோய்.

மனைவி 4 மாதம். கீழ் வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது, ஒன்று கேட்கிறாள். வாங்கலாமா? (புக்கிட் மெர்தாஜாம்)

தம்பி, பிள்ளை பிறந்து கொஞ்ச நாள் ஆகட்டும். வெளியே திரியும் தாயோடு வளர்ந்த குட்டிக்கு முதல் தொற்று வருகிற வயது இதுதான். குட்டிகள் பிராண்டுவதும் கடிப்பதும் அதிகம். அவசியம் வேண்டுமென்றால், வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பெரிய பூனையை எடுங்கள். அதற்குக் குடல் பூச்சி மருந்தும் கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் பிரசவம். பூனை குழந்தையின் மூச்சை உறிஞ்சிவிடும் என்று அம்மா பயப்படுகிறார். (சுங்கை ஆரா)

மூச்சை உறிஞ்சாது. ஆனால் சூடான இடம் தேடி, தொட்டிலுக்குள் குழந்தையை ஒட்டிப் படுத்துவிடும். பிறந்த குழந்தையால் தானாக விலகிக்கொள்ள முடியாது, அதனால் அம்மாவின் பயத்தை முழுக்கத் தள்ளாதீர்கள். குழந்தை தூங்கும் அறைக் கதவு மூடியிருக்கட்டும். துணித் தொட்டில் கட்டினால் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். பூனையை அந்த அறையில் படுக்க விடாமல் இப்போதிருந்தே பழக்குங்கள். பிள்ளை வந்த பிறகு திடீரென்று வெளியே தள்ளினால் அது கதவைப் பிராண்டிக்கொண்டே இருக்கும். மருத்துவமனையிலிருந்து வருவதற்கு முன்பே குழந்தையைச் சுற்றிய துணி ஒன்றை வீட்டுக்கு அனுப்பி, பூனையை முகர்ந்து பார்க்க விடுங்கள். பூனை வீட்டில் இருப்பதால் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. பூனையைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினால் போதும்.