நாம எங்கே உட்கார்ந்திருப்போம்?

அன்புள்ள சார்,

டாலஸில் இருக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு. ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் தினத்தை ஒட்டிப் பள்ளியில் ரோசா பார்க்ஸ் கதை சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அவள் ஒப்பித்தது இது: ஒரு பாட்டி வேலை முடிந்து களைத்துப்போய் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொன்னார்கள். கால் வலித்ததால் எழவில்லை. போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கிங் பேசினார். எல்லாம் சரியாகிவிட்டது. வண்ணம் தீட்ட ஒரு பஸ் படமும் கொடுத்திருந்தார்கள்.

ஏழு வயதுக்கு இது போதுமா, இன்னும் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் காரில் போகும்போது அவளே கேட்டுவிட்டாள். "பஸ்ல மத்தவங்க ஏன் ஒண்ணும் சொல்லல?" "பயந்திருப்பாங்க" என்றேன். அடுத்து, "நாம அந்த பஸ்ல எங்கம்மா உட்கார்ந்திருப்போம்?" நான் பாட்டை மாற்றி வைத்துவிட்டேன்.

கண் நிறத்தை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து ஒரு விளையாட்டு நடத்தினால் நன்றாகப் புரியும் என்கிறார் ஒரு தோழி. அடுத்த மாதம் பிறந்தநாளுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். செய்து பார்க்கலாமா? நீங்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். கிங் சுட்டுக்கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, அயோவாவில் ரைஸ்வில் என்ற சின்ன ஊரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்பில் நடத்தியது அது. நீலக் கண் பிள்ளைகள் ஒரு பக்கம், பழுப்புக் கண் பிள்ளைகள் ஒரு பக்கம், ஒரு கூட்டம் மட்டம், மறு கூட்டம் உசத்தி, அப்புறம் அதைத் தலைகீழாக மாற்றுவது. அவர் அந்தப் பிள்ளைகளை தினமும் பார்க்கிறவர், அப்படியும் அது சரியா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. பிறந்தநாள் கேக் வெட்டும் இடத்தில், அடுத்தவர் பெற்ற பிள்ளையை அரை மணி நேரம் மட்டம் தட்டி அனுப்புவது நமக்கு எதற்கு? போதாததற்கு நம் பிள்ளைகளுக்கெல்லாம் கண் ஒரே நிறம்.

நியாயம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. அதே கேக்கை வெட்டிப் பாருங்கள். எந்தத் துண்டு ஒரு விரல் பெரியது என்று ஏழு வயதுக்குத் தராசு இல்லாமலே தெரியும். அவர்களுக்குப் பிடிபடாதது வேறு. அநியாயம் ஒரு விதியாகவே இருக்க முடியும், சுவரில் எழுதி, சட்டமாக்கி, டிரைவர் சாதாரணக் குரலில் சொல்லுவார் என்பது அவர்களுக்குப் புதிது. பள்ளியில் சொன்ன கதையில் விடுபட்டது அந்த விதிதான். விதி இல்லாததால் ரோசா பார்க்ஸுக்குக் கால் வலி வந்துவிட்டது.

சாப்பாட்டு மேஜை நாற்காலிகளை வரிசையாகப் போடுங்கள். உட்காரப் பொம்மைகள் போதும். ரோசா பார்க்ஸின் ஊரான, அலபாமா மாநிலத்து மாண்ட்காமரி நகரத்துப் பேருந்தில் 36 இருக்கைகள். முன்னால் 10 வெள்ளையருக்கு. அவை காலியாகவே கிடந்தாலும் கறுப்பினத்தவர் நின்றுகொண்டுதான் வர வேண்டும். பின்பக்கம் அவர்களுக்கு. நடுவில் இருப்பவற்றில் உட்காரலாம், ஆனால் முன்பக்கம் நிரம்பிவிட்டால் எழுந்துவிட வேண்டும். 1955 டிசம்பர் 1 மாலை நடந்தது இந்த நடுப்பகுதியில். ஒரு வரிசையில் நான்கு பேர் இருந்தார்கள், வெள்ளைக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் ஒருவர் உட்கார எத்தனை பேர் எழ வேண்டும்? உங்கள் மகளிடம் கேளுங்கள், ஒன்று என்பாள். நான்கு. வெள்ளையர் இருக்கும் வரிசையில், நடைபாதைக்கு அந்தப் பக்கம்கூடக் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது. டிரைவர் சொன்னதும் மூன்று பேர் எழுந்தார்கள். ரோசா பார்க்ஸ் பக்கத்தில் இருந்தவர் வெளியே போக வழிவிட்டு, ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்த மூன்று பேரைத்தான் உங்கள் மகள் கேட்கிறாள். "பயந்திருப்பாங்க" என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை, ஆனால் அவர்களைக் கோழைகள் என்று விட்டுவிடாதீர்கள். அந்த டிரைவர்களிடம் போலீஸ்காரருக்குரிய அதிகாரம் இருந்தது. எழாதவருக்கு என்ன ஆகும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எழுந்த மூன்று பேர் அன்றாடம் எழுந்தவர்கள். பாட்டி என்கிறாளே, ரோசா பார்க்ஸுக்கு அப்போது 42 வயது. தையல் வேலை பார்த்தவர்தான், அதோடு கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்ஏஏசிபி-யின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளர், பல வருடமாக. உடம்பில் அன்று வழக்கத்தைவிட அதிகக் களைப்பு ஒன்றும் இல்லை என்று பிற்பாடு அவரே எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். இருக்கைக் கணக்குக்கு அமைதியாக இருப்பார்கள். டிக்கெட் விஷயத்தில்தான் கொதிப்பார்கள். முன்வாசலில் ஏறிக் காசு போட வேண்டும், இறங்க வேண்டும், வெளியே நடந்துபோய்ப் பின்வாசலில் ஏற வேண்டும். சில நேரம் அதற்குள் பஸ் கிளம்பிவிடும், காசோடு. 1943-இல் ரோசா பார்க்ஸ் இப்படி இறங்கி ஏற மறுத்ததற்கு அவரை இறக்கிவிட்ட டிரைவரும், 1955-இல் போலீஸைக் கூப்பிட்ட டிரைவரும் ஒரே ஆள். போன மாதம் ஒரு பையன் எழுந்து நின்று, "காசையாவது திருப்பித் தரணும்ல!" என்றான்.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்லுங்கள். கிளாடெட் கோல்வின், 15 வயது, பள்ளி மாணவி. ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னால், மார்ச் 2 அன்று, அதே ஊரில் எழ மறுத்துக் கைதானவர். ஊர்ப் பெரியவர்கள் யோசித்தார்கள்: சின்னப் பெண், படபடவென்று பேசுகிறவள், இவளை வைத்துப் போராட்டம் கட்ட முடியுமா? ஒதுக்கிவிட்டார்கள். நல்லவர்கள் செய்த அநியாயம். இதையும் மறைக்காமல் சொல்லுங்கள், பிள்ளைகள் தாங்குவார்கள். கடைசியில் பேருந்துப் பிரிவினையை ஒழித்த வழக்கில் வாதிகளாக இருந்த பெண்களில் கோல்வின் ஒருவர். ரோசா பார்க்ஸ் அதில் இல்லை.

செருப்புக் கடையில் கறுப்பினத்தவர் போட்டுப் பார்த்து வாங்க முடியாது என்று கோல்வின் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பழுப்புக் காகிதப் பையில் காலை வைத்து வரைந்து எடுத்துக்கொண்டு போவார்களாம். உங்கள் ஊர்க் காய்கறிக் கடையில் தரும் அதே பைதான். பிறந்தநாளுக்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்றால், ஒவ்வொரு பிள்ளையும் தன் காலை அதில் வரையட்டும். ஏன் என்று கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் வரைந்துகொண்டு போகட்டும்.

"அப்புறம் கிங் பேசினார்" என்கிற வரிக்குள் ஒரு வருடம் காணாமல் போயிருக்கிறது. ரோசா பார்க்ஸ் கைதான இரவு ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை ஸ்டென்சில் வெட்டி, கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடிய விடிய நோட்டீஸ் அடித்தார், ஆயிரக்கணக்கில். எப்படி உடனே முடிந்தது? அவருடைய பெண்கள் அமைப்பு 1954-லேயே மேயருக்குக் கடிதம் எழுதி, பஸ் புறக்கணிப்பு வரலாம் என்று எச்சரித்திருந்தது. பஸ்ஸில் ஏறாமல் 381 நாள் நடந்தார்கள், கார்களில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெட்ரோலுக்குக் காசு? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி தோழிகளைச் சேர்த்துக்கொண்டு பொரித்த கோழியும் கேக்கும் விற்றார். யார் கொடுத்த பணம் என்று தெரிந்தால் அந்தப் பெண்களுக்கு வேலை போய்விடும். அதனால் கூட்டத்தில் பணத்தைக் கொடுக்கும்போது, 'எங்கிருந்தோ வந்த சங்கம்' என்கிற மாதிரி ஒரு பெயரைச் சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். எல்லோராலும் பஸ்ஸில் உட்கார்ந்து கைதாக முடியாது, கேக் செய்ய முடியும்.

சரி, நீங்கள் பாட்டை மாற்றிய கேள்வி.

பின்னால்தான் உட்கார்ந்திருப்போம் என்று அடித்துச் சொல்ல முடியாது. வெளிநாட்டவர் என்று தெரிந்தால் விட்டுவிடுவதும் உண்டு. 1941-இல் நம் விடுதலைப் போராட்டத்தைச் சேர்ந்த கமலாதேவி சட்டோபாத்யாய் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள் வழியாக ரயிலில் போனபோது வெள்ளையர் பெட்டியிலிருந்து எழச் சொன்னார்கள். எந்த நாடு என்றும் கேட்டார்கள். அவர் வெளிநாட்டவர் என்று சொல்லித் தப்பிக்கவில்லை. எந்த நாடானால் என்ன, நானும் நிறத்தவள்தான், எழுவதாக இல்லை என்று சொல்லி அங்கேயே இருந்தார். மகளிடம் இதைச் சொல்லலாம். நீங்கள் டாலஸில் இருப்பதற்கே இதில் தொடர்பு உண்டு. 1946-இலிருந்து அமெரிக்காவில் குடியேற இந்தியர்களுக்கு வருடத்துக்கு 100 பேர் என்றுதான் ஒதுக்கீடு. நாட்டை வைத்துப் பிரிக்கும் அந்த முறை ஒழிந்தது 1965 சட்டத்தில், உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது.

இவ்வளவும் சொன்னால் இன்னொரு கேள்வி வரும். 1959-இல் கிங் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார், தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமையாசிரியர் அவரை "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டப்படாதவர்" என்று அறிமுகம் செய்தார். முதலில் அதிர்ந்ததாகவும், பிறகு ஆமாம், நான் அதுதான் என்று தோன்றியதாகவும் 1965-இல் ஒரு பிரசங்கத்தில் கிங் சொன்னார். உங்கள் மகள் கெட்டிக்காரி. நாம யாரையாவது பின்னால உட்கார வச்சோமா என்று அடுத்து கேட்பாள்.

எனக்கும் ஏழெட்டு வயது இருக்கும். எங்கள் ஊர் டீக்கடையில் கூரை மூங்கிலில் இரண்டு டம்ளர் தனியாகச் செருகியிருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் வந்து, அவர்களே எடுத்து, குடித்து, கழுவி, அங்கேயே செருகிவிட்டுப் போவார்கள். அந்த டம்ளர் ஏன் தனியா இருக்கு என்று அப்பாவிடம் கேட்டேன். நல்ல மனுஷர், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். கடைக்காரரைப் பார்த்து, "பையனுக்கு ஒரு பன் குடுப்பா" என்றார்.

அன்புடன்