கியாமாவில் ஐந்து இரவு: வாசகர் கேள்வி – பதில்

அவுஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளிடம் போகும்போது சில நாட்களையாவது கடற்கரை ஊரொன்றில் ஆறுதலாகக் கழிப்பது எப்படி என்று கொழும்பு வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

சிட்னி வென்ட்வேர்த்வில்லில் மகன் இருக்கிறார். ஒரு மாதம் நிற்கப் போகிறோம். அதில் ஐந்து நாள் எங்காவது கடலோரத்தில் சும்மா இருக்க ஆசை. இவருக்கு முழங்கால் நோ. எந்த ஊர் நல்லது? (வாசகி, வெள்ளவத்தை)

கியாமாவுக்குப் போங்கள் அம்மா. சிட்னிக்குத் தெற்கே ஏறக்குறைய 120 கிலோமீற்றர். மின்சார ரயில் ஊரின் நடுவிலேயே கொண்டுபோய் விடும். நிலையத்திலிருந்து துறைமுகமும், பிள்ளைகள் கால் நனைக்கும் பிளாக் பீச்சும் சில நிமிட நடைதான். பைரன் பே போன்ற பேர்பெற்ற ஊர்களில் சனமும் அதிகம், வாடகையும் அதிகம். தூரமும் கூட என்பதால் போகவர இரண்டு நாள் போய்விடும். ஐந்து நாள் பயணத்தில் அது பெரிய நட்டம்.

ஒன்றைக் கவனியுங்கள்: கியாமா மேடுபள்ளமான ஊர். கடல் நன்றாகத் தெரியும் என்று விளம்பரம் செய்யும் வீடுகளில் பல மேட்டில்தான் இருக்கும், படிகளும் இருக்கும். பதிவு செய்யுமுன் 'தரைத்தளமா, வாசலுக்கு எத்தனை படி' என்று எழுதிக் கேளுங்கள். முழங்கால் நோ உள்ளவருக்குக் கடற்காட்சியைவிடத் துறைமுகப் பக்கத்துச் சமதரை முக்கியம்.

எந்த மாதம்? பாடசாலை விடுமுறையில்தான் போக முடியும் என்றால்? (வாசகர், கொட்டாஞ்சேனை)

கட்டாயம் எதுவும் இல்லாதவர்கள் பெப்ரவரி இரண்டாம் வாரத்துக்கும் மார்ச் நடுப்பகுதிக்கும் இடையில் போகலாம். நியூ சவுத் வேல்ஸ் பாடசாலைகளின் கோடை விடுமுறை அப்போது முடிந்திருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். கடலோ ஆண்டிலேயே அப்போதுதான் சூடாக இருக்கும். சூடு என்பது அவர்களின் கணக்கில் 22, 23 பாகை. கல்கிசைக் கடலில் 28 பாகைக்குப் பழகிய உடம்புக்கு முதல் ஐந்து நிமிடம் நடுங்கத்தான் செய்யும்.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் மூன்றுக்குள்தான் தெரிவு. டிசம்பர் பிற்பகுதியும் ஜனவரியும் வேண்டாம். பல வீடுகளை ஒரு வாரத்துக்குக் குறைவாகக் கொடுக்கமாட்டார்கள். ஏப்ரலில் எங்கள் புத்தாண்டு விடுமுறையோடு அவர்களின் உயிர்த்த ஞாயிறும் இலையுதிர்கால விடுமுறையும் மோதும். நாட்காட்டியைப் பார்த்து அந்த இரண்டுக்கும் வெளியே நான்கைந்து நாள் கிடைத்தால் ஏப்ரல் மிக இதமானது. ஓகஸ்டில் குளிர், கடலில் இறங்க முடியாது. ஆனால் வாடகை மலிவு, வானம் தெளிவு. மாதக் கடைசியிலிருந்து திமிங்கிலங்கள் தெற்கே திரும்பத் தொடங்கும், கரையில் நின்றே பார்க்கலாம். கம்பளிச் சட்டையும் காற்றுத் தடுக்கும் மேற்சட்டையும் எடுத்துப் போங்கள்.

எந்த மாதமானாலும் ஞாயிறு போய் வெள்ளி திரும்புங்கள். வெள்ளி, சனி இரவுகளுக்குத்தான் வாடகை ஏறும். ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து இரவுகள், அந்த இரண்டும் இல்லாமலே கிடைக்கின்றன.

விடுமுறை வீடு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? சமைத்துச் சாப்பிடத்தான் விருப்பம். (வாசகி, தெஹிவளை)

முதலில் மொத்தத் தொகையைப் பாருங்கள். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று காட்டும் விலையோடு துப்புரவுக் கட்டணம், சேவைக் கட்டணம், சில இடங்களில் திருப்பித் தரும் வைப்புத் தொகை எல்லாம் சேரும். துப்புரவுக் கட்டணம் இரண்டு இரவுக்கும் ஐந்து இரவுக்கும் ஒன்றே. அதனால்தான் குறுகிய தங்கல் விலை கூடிப்போகிறது. படுக்கை விரிப்பும் துவாயும் தருவார்களா என்றும் பாருங்கள். 'நீங்களே கொண்டுவர வேண்டும்' என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருக்கும் வீடுகள் உண்டு. நகர சபை நடத்தும் விடுமுறைப் பூங்காக்களில் சமையலறையோடு கூடிய சிறு மரவீடுகள் கிடைக்கும். புளோஹோல் பொயிண்டிலும் கென்டல்ஸ் பீச்சிலும் இருப்பவை கடலுக்கு மிக அருகில்.

சமையலில் நம்மவர் மாட்டிக்கொள்ளும் இடம் தாளிதம். அங்கே வீட்டுக்கு வீடு கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும். காய்ந்த எண்ணெயில் கடுகும் செத்தல் மிளகாயும் போட்டவுடன் எழும் புகை அதற்குப் போதும், காது கிழியக் கத்தும். தனி வீட்டில் என்றால் யன்னலைத் திறந்து துவாயால் விசிறினால் அடங்கிவிடும். ஹோட்டலிலும் அடுக்குமாடியிலும் அந்தக் கருவி நேரே தீயணைப்புப் படைக்குத் தொடுத்திருக்கலாம். வண்டி வந்துவிட்டால் செலவு உங்கள் தலையில் விழும். ஆகவே அடுப்புக்கு மேலுள்ள புகை உறிஞ்சியை முதலில் போடுங்கள், யன்னலைத் திறவுங்கள், எண்ணெயை இளஞ்சூட்டில் வைத்துத் தாளியுங்கள். அடுக்குமாடியில் அறைக் கதவைப் பொதுவழிப் பக்கம் திறக்க வேண்டாம், புகை அங்கே போனால் அங்குள்ள கருவியும் கத்தும். இன்னும் நல்ல வழி, கறியை மகன் வீட்டிலேயே சமைத்து உறையவைத்துக் கொண்டுபோவது. சோறும் பருப்பும் மட்டும் அங்கே வைத்தால் போதும். ரைஸ் குக்கர் பெரும்பாலான வீடுகளில் இருக்காது, அதையும் இரவல் வாங்கிப் போங்கள்.

அரிசி, கறித்தூள், கறிவேப்பிலை, இடியப்ப மா எல்லாவற்றையும் சிட்னியில் பெண்டில் ஹில், வென்ட்வேர்த்வில், துங்காபி கடைகளில் வாங்கலாம். கொழும்பிலிருந்து சுமக்கத் தேவையில்லை. மின்சாரம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட், பிளக்கின் வடிவம்தான் வேறு. அடாப்டரைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் விலை பல மடங்கு.

பூங்காக்களில் இலவச மின்சார பாபகியூ தட்டுகள் இருக்கும். பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்களில் சூடாகும், பிறகு தானே அணையும், மறுபடி அழுத்த வேண்டும். முன்பு யாரோ இறைச்சி சுட்ட தட்டு என்று சைவக்காரர் தயங்க வேண்டாம். அலுமினியத் தாளை இரட்டையாக விரித்து அதன்மேல் கத்தரிக்காயும் சோளமும் சுடலாம். முடிந்ததும் தட்டைத் துடைத்துவிட்டு வருவது அங்கே மரியாதை.

ரயிலா, காரா? (வாசகர், பம்பலப்பிட்டி)

ரயிலில் சென்ட்ரல் நிலையத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி. இடப்பக்க யன்னலோரம் அமருங்கள், கடல் அந்தப் பக்கம். ரயில், பஸ் கட்டணம் செலுத்தும் ஓப்பல் அட்டை இல்லாவிட்டால் தட்டிச் செலுத்தும் வங்கி அட்டையே போதும், பெரியவர் கட்டணம் ஒன்றுதான். 4 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்குச் சிறுவர் ஓப்பல் அட்டை எடுத்தால்தான் பாதிக் கட்டணம். வார இறுதிகளில் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திப் பஸ் விடுவது அங்கே சாதாரணம், ஞாயிறு கிளம்புபவர்கள் முதல் நாளே ரயில் நேரம் காட்டும் செயலியில் பார்த்துவிட வேண்டும்.

மகனோ மருமகளோ ஞாயிறன்று காரில் கொண்டுவந்து விட முடியுமானால் அதைவிட நல்லது வேறில்லை. வழியில் ஹெலன்ஸ்பேர்க்கில் ஸ்ரீ வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது. வார இறுதியில் அங்குள்ள உணவுச்சாலையில் தோசையும் சாதமும் கிடைக்கும். அங்கிருந்து நெடுஞ்சாலையைப் பிடிக்காமல் ஸ்டான்வெல் டொப்ஸ் வழியாக இறங்கினால் சீ கிளிஃப் பாலம் வரும். மலைச்சரிவிலிருந்து கற்கள் விழுந்துகொண்டிருந்ததால் பழைய வீதியைக் கைவிட்டு, கடலுக்கு மேலேயே வளைத்துக் கட்டி 2005இல் திறந்த பாலம் அது. 665 மீற்றர் நீளம். பாலத்தில் நிறுத்த முடியாது, முனையில் நிறுத்திவிட்டு நடைபாதையால் நடக்கலாம்.

நீங்களே ஓட்டுவதானால் இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேச அனுமதிப்பத்திரமும் எடுத்துப் போங்கள், வாடகைக் கார்க்காரர் கேட்பார். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அந்நாட்டுத் தரச்சான்று பெற்ற இருக்கை கட்டாயம். அதைக் காரோடு சேர்த்தே பதியுங்கள்.

கடலில் இறங்கப் பயமாக இருக்கிறது. எங்கே இறங்கலாம்? (வாசகி, வெள்ளவத்தை)

பயம் நியாயமானது. கியாமாவில் பயமின்றிக் குளிக்கப் பாறைக்குளங்கள் இருக்கின்றன. புளோஹோல் பொயிண்டில் ஒன்று, ஃபெசண்ட் பொயிண்டில் கொன்டினென்டல் குளம் என்று ஒன்று. பாறைக் கரையில் சுவர் எழுப்பி, கடல்நீரே உள்ளே வந்து போகும்படி கட்டியவை. கடல் கொந்தளிக்கும் நாளில் அலை சுவரைத் தாண்டி விழும், அன்று குளமும் வேண்டாம். படிகளில் பாசி வழுக்கும், இறப்பர்ச் செருப்போடு இறங்குங்கள். பருத்திச் சல்வார் நீரில் ஊறினால் கனத்து இழுக்கும். முழுக்கை நீச்சல் சட்டையும் நைலோன் லெகிங்ஸும் வசதி, அங்கே அப்படி உடுத்துபவர்கள் ஏராளம்.

அலைக் கடற்கரையில் சிவப்பு-மஞ்சள் கொடிகள் இரண்டுக்கும் நடுவில் மட்டும் இறங்கலாம். கொடி இல்லாத நாளில் முழங்கால் நனைவதோடு நில்லுங்கள். கரைக்கு வந்த நீர் ஒரு வாய்க்காலாகத் திரும்பி ஓடும் இடமே இழுநீரோட்டம். அங்கே அலை உடையாது, நீர் கறுத்து அமைதியாகத் தெரியும். பழகாதவர் 'இதுதான் பத்திரமான இடம்' என்று அங்கேயே இறங்குவார். அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது, களைப்புத்தான் ஆளைக் கொல்கிறது. மல்லாந்து மிதந்து ஒரு கையை உயர்த்துங்கள். நீந்தத் தெரிந்தவர் பக்கவாட்டில் அலை உடையும் இடத்தை நோக்கி நகரலாம். அவசர அழைப்பு 000.

கோடையில் வடகிழக்குக் காற்று அடித்தால் நீலக்குமிழ் போன்ற ஜெலி மீன்கள் கரையொதுங்கும். நூல் போன்ற இழைகள் பட்டால் சுரீரென்று எரியும். இழையை எடுத்துவிட்டுக் கடல்நீரால் கழுவி, தாங்கக்கூடிய சுடுநீரில் 20 நிமிடம் வையுங்கள். வினாகிரி இதற்கு உதவாது.

வெயிலை நம் வெயில் என்று எண்ண வேண்டாம். காற்று குளிராக இருக்கும்போதே தோல் கருகிவிடும், கறுத்த தோலும் தப்பாது. 50+ களிம்பை வெளியே போக 20 நிமிடம் முன் பூசி, இரண்டு மணிக்கொரு தடவை மறுபடி பூசுங்கள்.

விசாவுக்கும் சுங்கத்துக்கும் முக்கியமாக எதைக் கவனிப்பது? (வாசகர், மட்டக்குளி)

600 இலக்க வருகையாளர் விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பித்து, கொழும்பில் கைரேகையும் புகைப்படமும் கொடுக்க வேண்டும். திரும்பி வருவதற்கான காரணம் தாளில் தெரிய வேண்டும்: வேலைக் கடிதம் அல்லது ஓய்வூதியச் சான்று, சில மாத வங்கிக் கூற்று, காணி உறுதி. கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று விளக்கக் கடிதம் வையுங்கள். சிங்களத்திலோ தமிழிலோ உள்ள பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். 75 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு, அதற்கும் நாள் ஒதுக்குங்கள். விசா வருமுன் திருப்பிப் பணம் தராத வீட்டைப் பதியவே வேண்டாம்.

அங்குள்ள அரச மருத்துவத் திட்டமான மெடிகெயார் நமக்கு இல்லை. அம்புலன்சுக்கும் கட்டணம் உண்டு. மருத்துவக் காப்புறுதி இல்லாமல் ஏறாதீர்கள், நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் அதில் எழுதுங்கள். நம் மருத்துவரின் துண்டுக்கு அங்குள்ள மருந்தகம் மருந்து தராது. முழுப் பயணத்துக்குமான மருந்தை மூலப் பொதியிலேயே, ஆங்கிலக் கடிதத்தோடு கொண்டுபோங்கள்.

பச்சைக் கறிவேப்பிலை, ரம்பை, பழம், இறைச்சி, பாற்பண்டம் வேண்டாம். கருவாடு, மாசி, மிளகாய்த்தூள், பலகாரம் எதுவானாலும் வருகை அட்டையில் 'உணவு இருக்கிறது' என்று அடையாளமிடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் பொருள் போகும். சொல்லாமல் பிடிபட்டால் தண்டம் ஆயிரக்கணக்கான டொலரில் வரும், விசாவுக்கும் ஆபத்து.

ஐந்து நாளும் என்ன செய்வது? (வாசகி, தெஹிவளை)

ஒரு நாளுக்கு ஒரே ஒரு வேலை. மிச்ச நேரத்துக்குப் பாயும் புத்தகமும் போதும்.

காலிமுகத்திடலில் கடலில் இறங்கும் சூரியன், கியாமாவில் கடலிலிருந்து ஏறும். பெப்ரவரியில் ஆறரை மணியளவில். ஒரு காலையாவது 1887ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்தடியில் தேநீர்க் குடுவையோடு நில்லுங்கள். ஒரு நாள் மின்னமுரா மழைக்காடு. இன்னொரு நாள் பொம்போ முனையின் பழைய கற்குழியில் தூண் தூணாக நிற்கும் எரிமலைக் கற்கள். கடைகளும் சிற்றுண்டிச்சாலைகளும் பிற்பகல் மூன்று மணிக்கே மூடத் தொடங்கும், பிந்திய மதியச் சாப்பாட்டை நம்பி வெளியே இருக்க வேண்டாம்.

கியாமா ஹைட்ஸிலிருந்து வெரி பீச் வரை கடலோரப் புல்மேட்டு நடை 6 கிலோமீற்றர். நிழலும் இல்லை, குடிநீரும் இல்லை. இளையவர்கள் காலையில் நடந்து ஜெரிங்கோங்கிலிருந்து ரயிலில் திரும்பலாம். அந்த ரயில் அடிக்கடி வராது, நேரத்தைப் பார்த்துப் புறப்படுங்கள். முழங்கால் நோ உள்ளவர் அன்று துறைமுக வாங்கில் இருக்கட்டும்.

புளோஹோல் பொயிண்டிலுள்ள பேர்பெற்ற ஊதுதுளைக்கு மட்டும் நாள் குறிக்காதீர்கள். அலை குகைக்குள் புகுந்து, உள்ளே அடைபட்ட காற்றை நெருக்கும்போதுதான் நீர் துளைவழியே பீறிடும். கடல் தென்கிழக்கிலிருந்து அடித்தால் 25 மீற்றருக்கும் எழும். கடல் அடங்கிய நாளில் சிறு பெருமூச்சோடு சரி, அதைப் பார்த்து ஏமாந்து திரும்புபவர்கள் பலர். அன்று அலை வடகிழக்காக இருந்தால் தெற்கே மார்ஸ்டன் ஹெட்டிலுள்ள சின்ன ஊதுதுளைக்குப் போங்கள், அந்த அலைக்கு அதுதான் பேசும். எதுவானாலும் வேலிக்கு இப்பால் நின்று பாருங்கள்.