வாசகர் கேள்வி, நிபுணர் பதில்: ஊர்த் தண்ணீர், ஊர் ஏரி, ஊர் நிதி

(கிராமக் குழுக்களுக்கும் தெருச் சங்கங்களுக்கும் திட்ட அறிக்கை, கணக்கு வழக்கு தயாரிக்க உதவும் குழுவினர் பதில் அளிக்கிறார்கள்.)

பாலக்கோடு வாசகர்: எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல் எல்லாம் பழுப்பாக இருக்கிறது. போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்கிறார்கள். ஆர்.ஓ. (தண்ணீர் சுத்திகரிப்பு) நிலையம் வைக்க நிதி கேட்டுப் பல இடங்களுக்கு மனு அனுப்பினோம். ஒருவரும் பதில் போடவில்லை. எங்கே கோளாறு?

மனுவைப் படிப்பவர் மனதில் எழும் முதல் கேள்வி இதுதான்: “தருமபுரி மாவட்டத்துக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதே, பிறகு ஆர்.ஓ. எதற்கு?” அதற்கு உங்கள் மனுவில் பதில் இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்தது. குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எந்தத் தெருவுக்கு எட்டவில்லை, போர் தண்ணீரைக் குடிப்பவை எத்தனை வீடுகள் என்று ஒரு மாதம் நோட்டில் குறித்து வையுங்கள். தண்ணீர் வருகிறது, பிடித்து வைக்கத்தான் இடமில்லை என்று அதில் தெரிந்தால், நீங்கள் கேட்க வேண்டியது ஆர்.ஓ. இல்லை; ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் இரண்டு தெருவுக்குக் குழாயும்தான். செலவும் குறைவு, பிற்காலத் தலைவலியும் குறைவு.

அடுத்து, பரிசோதனை. ஒரே ஒரு போரில் எடுத்த ஒரே ஒரு ரிப்போர்ட்டை எவரும் மதிக்க மாட்டார்கள். மக்கள் குடிக்கும் ஒவ்வொரு போரிலும் ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மும்முறை அலசி, ஒரு லிட்டர் பிடியுங்கள். ஃபுளோரைடுக்குக் கண்ணாடி பாட்டில் ஆகாது, பிளாஸ்டிக்தான் வேண்டும். போர் இருக்கும் இடம், ஆழம், தேதி, நேரம் எல்லாம் லேபிளில் இருக்கட்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். கிருமிப் பரிசோதனையும் வேண்டுமென்றால் அந்தப் பாட்டில் தனி: ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டில், ஐஸ் பெட்டி, அன்றைக்கே ஒப்படைப்பு. கோடையில் ஒரு தடவையும் மழை முடிந்து ஒரு தடவையும் எடுத்தால்தான் வாதம் நிற்கும். இந்தியத் தரம் 10500-இன்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. உங்கள் எண்களை இந்த இரண்டோடும் ஒப்பிட்டு ஒரு பக்கத்தில் அட்டவணை போடுங்கள். பல் பாதிப்பை ஆரம்ப சுகாதார நிலையம் மூலம் பள்ளியில் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். நீங்களே எடுத்த போட்டோ சான்றாகாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆர்.ஓ.தான் தீர்வு என்றால் அறிக்கையில் இரண்டு விஷயம் இருந்தாக வேண்டும். ஒன்று, கழிவுநீர். உள்ளே போகும் தண்ணீரில் பாதி கழிவாக வெளியேறினால், அந்தப் பாதியில் ஃபுளோரைடும் உப்பும் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். அதைப் பக்கத்துக் கிணற்றுப் பள்ளத்தில் விட்டால் உங்கள் திட்டமே அடுத்த பிரச்சினை. இரண்டு, மாதச் செலவு. 100 வீடு, நாளுக்கு ஒரு கேன், கேனுக்கு 5 ரூபாய் என்றால் மாதம் 15,000 ரூபாய். ஆபரேட்டர் சம்பளம், கரன்ட் பில், ஃபில்டர், இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டிய மெம்ப்ரேனுக்கான சேமிப்பு எல்லாம் இதற்குள் அடங்குமா? அடங்காத நிலையங்கள்தான் பூட்டிக் கிடக்கின்றன. நிதி தருபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஆம்பூர் வாசகர்: பெரிய கம்பெனி ஒன்றின் சி.எஸ்.ஆர். நிதியை, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணத்தைக் கேட்டோம். “சி.எஸ்.ஆர்.-1 எண் இருக்கிறதா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். போன வருடம்தான் சங்கம் பதிவு செய்தோம்.

சங்கப் பதிவுக்கு ஏழு பேரும் மாவட்டப் பதிவாளரும் போதும். சி.எஸ்.ஆருக்கு அது போதாது. கம்பெனி தன் பணத்தை வெளி அமைப்பு மூலம் செலவழிக்க வேண்டுமென்றால் அந்த அமைப்புக்கு 12ஏ, 80ஜி என்று வழக்கில் சொல்லும் இரண்டு வருமான வரிப் பதிவும், அதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று வருட அனுபவமும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 பதிவும் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இந்தக் கடைசிப் பதிவு கட்டாயம். இன்றைக்கு உங்களால் நேரடியாக வாங்க முடியாது. பழைய அமைப்பு ஒன்றோடு சேருங்கள்: பில்களை அவர்கள் நேரடியாகக் கட்டட்டும், கணக்கெடுப்பு, மேற்பார்வை, பராமரிப்பு உங்கள் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஒப்பந்தம்தான் மூன்று வருடம் கழித்து உங்கள் அனுபவச் சான்று.

கடிதம் எழுதும் முன் அந்தக் கம்பெனியின் இணையதளத்தைப் பாருங்கள். சி.எஸ்.ஆர். கொள்கையையும் ஒப்புதல் பெற்ற திட்டங்களையும் வெளியிட வேண்டும் என்பது விதி. பள்ளிக்கூடம் மட்டுமே கட்டும் கம்பெனியிடம் குடிநீர் கேட்டு என்ன பயன்? இன்னொன்று, உங்கள் பகுதிக்கென்றே சொல்கிறோம். தோல் தொழிற்சாலை தன் கழிவுநீரைச் சுத்திகரிப்பது சட்டப்படி அதன் கடமை. சட்டக் கடமையை நிறைவேற்றும் செலவை சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது. கழிவுநீர்ப் புகாரைக் கைவிட்டால் ஆர்.ஓ. போட்டுத் தருகிறோம் என்று எவராவது பேரம் பேசினால், இரண்டும் வேறு வேறு என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

மன்னார்குடி வாசகி: கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயார். நேராகச் சங்கக் கணக்குக்குப் போடச் சொல்லலாமா?

அவர்கள் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை ஃபைலில் வையுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை) இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. “என் மச்சான் கணக்குக்குப் போட்டு அங்கிருந்து சங்கத்துக்கு” என்ற குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். பதிவுள்ள வேறு அமைப்பு வாங்கி உங்களிடம் கொடுப்பதும் 2020 திருத்தத்தோடு நின்றுவிட்டது.

சிவகங்கை வாசகர்: ஐந்து ஏக்கர் ஊருணியைத் தூர்வார 10 லட்சம் கேட்டோம். “மதிப்பீடு தெளிவில்லை” என்று திருப்பி அனுப்பினார்கள்.

“தூர்வாருதல்: 10 லட்சம்” என்று ஒரே வரி எழுதியிருப்பீர்கள். இப்படிப் பாருங்கள். ஐந்து ஏக்கர் என்பது சுமார் 20,000 சதுர மீட்டர். பத்து இடத்தில் குழி வெட்டி வண்டலின் ஆழத்தை அளந்து, சராசரி அரை மீட்டர் என்றால் 10,000 கன மீட்டர் மண். ஒரு யூனிட் 2.83 கன மீட்டர். ஆக சுமார் 3,530 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் கிட்டத்தட்ட 1,180 நடை. ஆறு டிப்பர், ஒவ்வொன்றும் நாளுக்கு 20 நடை என்றால் பத்து நாள் வேலை. இனி ஹிட்டாச்சி மணி வாடகை, டிப்பர் வாடகை, டீசல் என்று தனித்தனியே எழுதி, மூன்று கொட்டேஷன் இணையுங்கள். வெட்டிய மண் லோடு ஏற்றும்போது உப்பி நிற்கும். நடைக் கணக்கில் கூடுதலாக ஐந்தில் ஒரு பங்கு வையுங்கள். மண் எங்கே போகிறது என்பதும் எழுத்தில் வேண்டும். விவசாயிகள் வயலுக்கு எடுத்தாலும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை.

நீர்நிலை யாருடையது என்று முதலில் பாருங்கள். பாசனக் கண்மாய் என்றால், ஆயக்கட்டு (அதில் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்குக் கீழே இருப்பவை ஊராட்சி ஒன்றியத்திடம், அதற்கு மேல் நீர்வளத் துறையிடம். உரியவரிடம் தடையில்லாச் சான்று வாங்காமல் இயந்திரம் இறக்கினால் வண்டியைத்தான் பறிகொடுப்பீர்கள். கிராம சபைத் தீர்மானம் அவசியம்; ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் ஒன்றில் நிறைவேற்றிவிடலாம். மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்காவது திரட்ட முடிந்தால் நமக்கு நாமே திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள்.

வேலையில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். வரத்துக் கால்வாயில் கருவேலம் மண்டிக் கிடக்க, குளத்தை மட்டும் தோண்டுவார்கள். மழை பெய்யும், தண்ணீர் வராது. கால்வாய்க்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். கரையை ஒட்டித் தோண்டாதீர்கள், கசியும்.

ஈரோடு வாசகி: முதல் தவணை வந்து வேலையும் முடிந்தது. இரண்டாம் தவணை நிற்கிறது. ஏன்?

பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தீர்களா? கொடுத்தும் நிற்கிறதென்றால் பில்களைப் பாருங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது வருமான வரிக் கணக்கில் செலவாகவே ஏறாது. ஆடிட்டர் அதைக் குறிப்பிட்டால் நிதி நிறுவனம் மிரளும். ஒப்பந்தக்காரருக்குப் பணம் தரும்போதே பிடிக்க வேண்டிய வருமான வரியை (டி.டி.எஸ்.) பிடிக்காமல் விட்டது, ஒரு தலைப்புப் பணத்தை எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இன்னொரு தலைப்பில் செலவழித்தது, சேமிப்புக் கணக்கு வட்டியைக் காட்டாதது ஆகியவையும் அடிக்கடி மாட்டும் இடங்கள். டிப்பர் நடைக்கு வண்டி எண், நேரம், கையெழுத்தோடு தினச் சீட்டு இல்லையென்றால் இப்போது எழுதிச் சேர்க்காதீர்கள். இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, வேலை முடிந்த இடத்தின் அளவீட்டைப் பொறியாளரிடம் வாங்கிக் கொடுங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: ஐயாயிரம் பத்தாயிரத்துக்கு எங்கே போவது?

தேசிய சுகாதார இயக்கத்தில் கிராம சுகாதார, குடிநீர், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவுக்கென்று வருடத்துக்கு 10,000 ரூபாய் கட்டற்ற நிதி (இன்ன தலைப்புக்குத்தான் என்று கட்டிப்போடாத நிதி) உண்டு. குளோரின் போடுவது, கொசுப் புழு ஒழிப்பு, தண்ணீர்ப் பரிசோதனைக் கட்டணம் போன்றவற்றுக்கு அது போதும். ஊராட்சித் தலைவரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் பாருங்கள். போன வருடப் பணம் எதற்குச் செலவானது என்று சொல்ல மறுத்தால், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.